ஓட்டத்தில் சீனி இறங்குகிறது: முன்னரே எவ்வளவு சாப்பிட வேண்டும்?

கேள்வி: 2024 ஜனவரி 7, காலை

வயது 24, ஊர் கோப்பாய். முதலாம் வகை நீரிழிவு வந்து ஆறு வருடம். காலையும் இரவும் 30/70 கலவை இன்சுலின். ஐந்து மாதமாக ஓடிப் பழகுகிறேன். ஆறரைக்கு ஊசி, ஏழுக்கு இடியப்பம், எட்டு மணிக்கு ஓட்டம். ஐந்தாவது கிலோமீற்றரில் கை நடுங்கத் தொடங்கும். விரலில் குத்திப் பார்த்தால் குருதிச் சீனி 58, 62 மில்லிகிராம் என்று நிற்கும். இப்போது இரண்டு வாழைப்பழம் கூடுதலாகச் சாப்பிட்டு 250 இல் தொடங்குகிறேன். அப்படியும் ஒரு மணித்தியாலத்துக்குள் விழுந்துவிடுகிறது. வைகாசி மாதத்துக்குள் 21 கிலோமீற்றர் ஓடிவிட வேண்டும் என்று ஆசை. ஓட்டத்தை விட்டுவிடு என்கிறார்கள் வீட்டில். ஓடுவதற்கு முன் இன்னும் எவ்வளவு சாப்பிட வேண்டும்?

பதில்: ஜனவரி 7, இரவு

கேள்வியே பிழை, தம்பி. நீ என்ன சாப்பிட்டாய் என்பதை விட்டுவிட்டு, நீ ஓடும் நேரத்தில் உடம்புக்குள் எவ்வளவு இன்சுலின் வேலை செய்துகொண்டிருக்கிறது என்று கேள்.

உன் கலவையில் நூற்றுக்கு முப்பது பங்கு கரையும் இன்சுலின். அது ஊசி போட்டு அரை மணித்தியாலத்தில் வேலையைத் தொடங்கி, இரண்டு முதல் நான்கு மணித்தியாலத்துக்குள் உச்சத்துக்குப் போகும். ஆறரைக்குப் போட்டது எட்டரைக்குப் பிறகுதான் முழுப் பலத்தோடு நிற்கும். அந்த நேரம் நீ இருபாலைச் சந்தியில் வியர்த்துக்கொண்டிருப்பாய். ஓடுகிற தசையோ, இன்சுலின் கதவைத் திறந்துவிடும்வரை காத்திராமல் தானாகவே குளுக்கோசை இழுக்கும். ஒரே கிணற்றில் இரண்டு துலா. வாழைப்பழம் என்ற வாளியால் அந்தக் கிணற்றுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறாய்.

வருத்தமில்லாத ஒருவன் ஓடத் தொடங்கினால் அவனுடைய கணையம் உடனே இன்சுலினைக் குறைத்துக்கொள்ளும். நமக்கு அந்த வசதி இல்லை. தோலுக்குக் கீழே போனதைத் திருப்பி எடுக்க முடியாது.

ஆகவே ஐந்து மணிக்கு எழும்பு. குத்திப் பார். காலை ஊசிக்கு முன்னரே ஓடு. திரும்பி வந்து மறுபடியும் குத்திப் பார்த்து, ஊசி போட்டு, அதன் பிறகு சாப்பிடு. ஓடிய நாளில் காலை ஊசியின் அளவைக் குறைக்க வேண்டிவரலாம். எவ்வளவு என்று நான் சொல்லமாட்டேன். கிளினிக் கொப்பியை எடுத்துக்கொண்டு போய் உன் வைத்தியரிடம் கேள்.

நான் யார் என்று கேட்பாய். 1993 இலிருந்து ஊசிக்காரன். 2022 இலிருந்து ஓட்டக்காரன். பெற்றோல் வரிசையில் நின்று அலுத்து, காலால் போகலாமே என்று தொடங்கியது. தொழில் நில அளவை. அதனால் எல்லாவற்றையும் கொப்பியில் எழுதும் வியாதியும் உண்டு. அதற்கு மருந்து தேடவில்லை.

ஜனவரி 9

எண் கேட்டிருக்கிறாய். 2017 இல் பல நாட்டு நிபுணர்கள் கூடி வெளியிட்ட வழிகாட்டலில் உள்ளதைத்தான் நான் பின்பற்றுகிறேன். தொடங்கும்போது 126 முதல் 180 வரை இருப்பது நல்லது. 90 முதல் 124 என்றால் 10 கிராம் குளுக்கோஸ் எடுத்துக்கொண்டு தொடங்கலாம். 90 க்குக் கீழே என்றால் 10 முதல் 20 கிராம் எடுத்து, 90 ஐத் தாண்டும்வரை படலையைத் திறக்காதே. 270 க்கு மேலே நின்று, அது சாப்பாட்டால் ஏறியதுதான் என்று உறுதியாகத் தெரியவில்லையென்றால் கீற்றோன் (இன்சுலின் போதாதபோது கொழுப்பு உடைந்து சேரும் அமிலம்) பார்க்க வேண்டும்.

உன் 250 உனக்குத் தைரியம் தருகிறது. கால்களுக்கு அதனால் ஒரு லாபமும் இல்லை. தாகமும் சலமும்தான் கூடும்.

ஜனவரி 10

“அப்படியென்றால் ஓடுகிற நாளில் ஊசியையே விட்டுவிடலாமா?” என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கூடாது. பிந்திப் போடுவது வேறு, விட்டுவிடுவது வேறு. இன்சுலினே இல்லாத உடம்பில் தசை பட்டினி கிடக்கும், ஈரல் சீனியைக் கொட்டிக்கொண்டே இருக்கும், கொழுப்பு உடைந்து கீற்றோன் சேரும், குருதி அமிலமாகும். அந்த நிலையில் ஓடினால் சீனி இறங்காது, ஏறும். வாந்தி வரும். அதற்குப் பிறகு ஓட்டம் அம்புலன்ஸில்தான்.

இன்னுமொன்று. தொடையில் ஊசி போட்டுவிட்டு ஓடாதீர்கள். வேலை செய்கிற தசைக்கு மேலே போட்ட இன்சுலின் கெதியாக உறிஞ்சப்படும். வயிற்றில் போடுங்கள்.

ஜனவரி 14

கோப்பாய்த் தம்பியின் அறிக்கை வந்திருக்கிறது. 5.20 க்குத் தொடக்கம் 131, ஆறு கிலோமீற்றர், முடிவில் 118. வாழைப்பழம் இல்லை.

நல்லது. ஆனால் ஒரு அளவீட்டை வைத்து எல்லைக்கல் நாட்ட முடியாது. புறப்பட்ட புள்ளிக்கே திரும்பி வந்து கணக்கை மூடிப் பார்த்தால்தான் எங்கே பிழைத்தோம் என்று தெரியும். பத்துத் தடவை ஓடி எழுது. இரவில் சீனி இறங்கலாம், அதையும் கவனி.

நாளை பொங்கல். நாளைய எண்ணை மட்டும் கணக்கில் சேர்க்காதே. சர்க்கரைப் புக்கையோடு விஞ்ஞானம் பேச முடியாது.

ஜனவரி 22

போன குறிப்பின் கடைசியில் “இரவில் சீனி இறங்கலாம், அதையும் கவனி” என்று ஐந்து சொல்லில் தள்ளிவிட்டேன். அதுதான் முதல் வரியாக வந்திருக்க வேண்டும். என் பிழை.

நடந்தது இதுதான். தம்பி சனிக்கிழமை பின்னேரம் ஐந்தரை மணிக்கு நண்பர்களோடு மைதானத்தில் ஓடியிருக்கிறான். முடிவில் 124. வழக்கம்போல இரவு ஊசி, புட்டு, நித்திரை. இரண்டு மணிக்குப் படுக்கை நனைந்து எழும்பிப் பார்த்தால் 49. நல்ல வேளை, எழும்பினான்.

ஓட்டம் முடிந்தாலும் தசை கடன் கேட்டுக்கொண்டே இருக்கும். வெறுமையான கிளைக்கோஜன் களஞ்சியத்தை, அதாவது தசைக்குள் இருக்கும் சீனிச் சேமிப்பை, நிரப்புவதற்குக் குருதியிலிருந்து குளுக்கோசை எடுக்கும். இன்சுலினுக்கு உடம்பு கூடுதலாக இசைந்து கொடுக்கும் நிலை 24 மணித்தியாலம், சிலருக்கு 48 மணித்தியாலம் வரை நீடிக்கும். பின்னேரம் ஓடினால் ஏழு முதல் பதினொரு மணித்தியாலம் கழித்து, ஆழ்ந்த நித்திரையில், விழும். அந்த நேரம் பார்த்து இரவுக் கலவையில் இருக்கிற மெதுவான இன்சுலினும் உச்சத்துக்கு வரும். மறுபடியும் இரண்டு துலா.

பின்னேரம் ஓடிய நாளில் நான் செய்வது: படுக்கும்போது குத்திப் பார்ப்பேன். மெதுவாகக் கரையும் ஏதாவது, குரக்கன் ரொட்டித் துண்டும் ஒரு கோப்பைப் பாலும், எடுப்பேன். இரவு இன்சுலினில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைக்க என் வைத்தியர் அனுமதித்திருக்கிறார். இரண்டு மணிக்கு அலாரம். பக்கத்தில் படுப்பவருக்குச் சொல்லிவைப்பேன். மதுபானம் கிட்டவும் வராது. ஈரல் சீனி விடுவதை அது தடுத்துவிடும். விழுந்தால் தாங்கிப் பிடிக்க யாரும் இருக்கமாட்டார்கள்.

2022 இல் நான் இதைக் கற்றுக்கொண்ட விதம் சிரிப்புக்குரியது. மூன்று மணிக்கு எழும்பி உட்கார்ந்து, பக்கத்து வளவுக்காரன் வேலியை ஒன்றரை அடி தள்ளிப் போட்டுவிட்டான் என்று மனைவியோடு வாதாடியிருக்கிறேன். எங்களுக்குப் பக்கத்து வளவே இல்லை. இரண்டு பக்கமும் ஒழுங்கை. அவள் விளக்கைப் போட்டுக் குத்திப் பார்த்தால் 41. யாழ்ப்பாணத்தானுக்கு மூளையில் சீனி முடிந்தாலும் கடைசியாக எஞ்சி நிற்பது வேலி.

பெப்ரவரி 3

பண்ணை வீதியில் விடிய ஓடினேன். கட்டாக்காலி நாய்கள் நான்கு, பின்னால் வந்தன. உயிரைப் பிடித்துக்கொண்டு இருநூறு மீற்றர். நின்று பார்த்தால் 139 இலிருந்து 163.

இது அதிசயமில்லை. மூச்சு முட்ட வேகமாக ஓடும்போது அட்ரினலின் ஈரலைத் தட்டிச் சீனியை வெளியே தள்ளும். சமவேகத்தில் நீண்ட நேரம் ஓடினால் இறங்கும். முழுவேகத்தில் கொஞ்சம் ஓடினால் ஏறும். 2006 இல் அவுஸ்திரேலியாவில் செய்த ஆய்வொன்றில், மிதமான உடற்பயிற்சியின் முடிவில் பத்தே பத்து விநாடி முழுவேகம் கொடுத்தபோது அதன் பிறகு சீனி விழுவது தடைப்பட்டது. நான் இப்போது ஒவ்வொரு ஓட்டத்தையும் கடைசியில் ஒரு பாய்ச்சலோடு முடிக்கிறேன்.

பெப்ரவரி 4

நாய் வளர்க்கலாமா என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். போதும்.

கவனமாகச் சொல்கிறேன்: ஏற்கெனவே 70 க்குக் கீழே போனவன் பாய்ந்து ஓடிச் சரிசெய்ய முயலக்கூடாது. அப்போது வேண்டியது குளுக்கோஸ். 15 கிராம் எடு, 15 நிமிடம் நில், திரும்பக் குத்து. பாய்ச்சல் விழாமல் தடுக்கும் உபாயம், விழுந்தவனைத் தூக்காது.

பெப்ரவரி 18

கையில் எதைக் கொண்டுபோவது? எல்லாவற்றையும் முயன்று பார்த்தவன் சொல்கிறேன்.

குளுக்கோஸ் மாதான் முதலிடம். கடையில் வாங்கும் சாதாரணப் பெட்டி. தண்ணீரில் கரைத்துச் சிறிய போத்தலில். நேரே குருதிக்குப் போகும். அவசரத்துக்குச் சீனி என்றால் நான்கு தேக்கரண்டி, ஏறக்குறைய 16 கிராம். சோடா பரவாயில்லை, ஆனால் ஓடும்போது வயிற்றில் குலுங்கும். அதோடு சீனி போடாத சோடாவை மாறி எடுத்துவந்து நின்ற நண்பனை எனக்குத் தெரியும். இளநீர் தாகத்துக்குத்தான், ஒரு கோப்பையில் பத்துக் கிராம் கிடைத்தால் அதிகம். சொக்கிளேற் வேண்டாம். கொழுப்பு இருப்பதால் வயிற்றிலேயே தங்கி நிற்கும். நீ விழுந்து எழும்பிய பிறகுதான் அது வந்து சேரும்.

பனங்கட்டி. “பனங்கட்டி சீனியை ஏற்றாது” என்று சொல்லிக்கொண்டு பிளேன்ரீயோடு கடிக்கிற பெரியவர்கள் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறார்கள். ஏற்றும். அதில் பெரும்பங்கு நம்முடைய கடைச் சீனியிலிருக்கும் அதே சுக்குரோசுதான். அதே காரணத்தால் இறங்கும்போது உதவவும் செய்யும், ஆனால் பாதி பிரக்ரோசாகப் பிரிவதால் குளுக்கோஸ் மாவின் வேகம் கிடையாது. வாய் காய்ந்திருக்கும்போது அந்தக் கல்லைச் சப்புவதும் லேசில்லை. ஓட்டத்துக்கு லாயக்கில்லை என்பது என் தீர்ப்பு.

ஒரு மணித்தியாலத்துக்கு மேற்பட்ட ஓட்டத்தில் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாச்சத்து என்று பொதுவாகச் சொல்வார்கள். இன்சுலின் குறைவாக உள்ள விடியற்காலையில் எனக்கு 25, 30 போதும். அதையும் ஒரேயடியாக விழுங்காமல் இருபது நிமிடத்துக்கு ஒரு மிடறு.

பெப்ரவரி 25

லண்டன் தங்கச்சி ஒருவர், தோலில் ஒட்டிச் சீனியைத் தொடர்ந்து காட்டும் சென்சர் பற்றிக் கேட்டிருக்கிறார். இங்கே இன்னும் பலருக்கு விலை எட்டாது. எனக்கு ரொரன்றோவிலிருந்து அக்கா அனுப்புவாள். 1921 இல் இன்சுலினைக் கண்டுபிடித்ததும் அந்த ஊரில்தான். 1922 ஜனவரியில் முதல் ஊசி அங்கே ஒரு பதினான்கு வயதுப் பையனுக்குப் போடப்பட்டது. ஆக, என் உடம்பு முழுவதும் அந்த ஊருக்குக் கடன்.

சென்சர் குருதியை அளப்பதில்லை. தோலுக்குக் கீழே கலங்களுக்கு இடையில் உள்ள நீரை அளக்கிறது. குருதியில் நடப்பது அங்கே தெரிவதற்கு ஐந்து முதல் பதினைந்து நிமிடம் பிந்தும். வீட்டில் கதிரையில் இருக்கும்போது இந்தப் பிந்தல் பொருட்டில்லை. ஓடும்போது பொருட்டு. ஒருமுறை அது 85 என்றது, தலை சுற்றுகிறதே என்று விரலில் குத்தினால் 58. இன்னொரு முறை இதற்கு எதிர்மாறு: குளுக்கோஸ் குடித்தேன், சென்சர் இன்னும் இறங்கியது. மறுபடியும் குடித்தேன், இன்னும் இறங்கியது. பயந்து பையில் இருந்த எல்லாவற்றையும் முடித்தேன். முக்கால் மணித்தியாலத்துக்குப் பிறகு 290. நான் ஓடியது சீனிக்கு முன்னாலா பின்னாலா என்று தெரியாமல் போனது. அதன் மேல் சரிந்து படுத்தால் இரவில் பொய்யாகக் குறைத்துக் காட்டும் என்பதும் தெரிந்திருக்கட்டும்.

அக்கா அனுப்புவது கனடாக் கணக்கில், மில்லிமோலில் காட்டும். நம்முடைய கிளினிக்குகளில் மில்லிகிராம். 18 ஆல் பெருக்க வேண்டும். 6.0 என்றால் 118.

பெப்ரவரி 26

108. ஆறு பதினெட்டு நூற்றெட்டு. நில அளவையாளன் என்று வேறு சொல்லிக்கொண்டேன். சுட்டிக்காட்டிய ஆறு பேருக்கும் நன்றி; ஏழாமவர் தயவுசெய்து வேண்டாம்.

மார்ச் 10

வெயில் ஏறுகிறது. இன்சுலினை எப்படிப் பாதுகாப்பது என்று கேட்டிருக்கிறார்கள். திறந்த போத்தல் ஏறக்குறைய நான்கு வாரம் வெளியே தாங்கும், ஆனால் வீட்டுக்குள் 30 பாகையைத் தாண்டாமல் இருந்தால்தான். யாழ்ப்பாணத்துச் சித்திரையில் அது நடக்காது. உறைந்துவிட்டாலும் பழுது, குளிர்சாதனப் பெட்டியில் ஐஸ் தட்டுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள்.

2022 பங்குனியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு வந்தபோது பலர் பதறினார்கள். எங்கள் வீட்டில் அம்மா ஒன்றும் பேசாமல் குசினிக்குப் பின்னால் போய், இரண்டு மண்பானையைக் கழுவி, ஒன்றுக்குள் ஒன்றை வைத்து, நடுவில் மணல் போட்டு நனைத்தார். ஈரம் ஆவியாகும்போது உள்ளே குளிரும். தொண்ணூறுகளில் என் இன்சுலின் இருந்தது அதற்குள்தான். அப்போது குடாநாட்டில் ஐந்து வருடத்துக்கு மேல் மின்சாரமே இல்லை.

இதை எழுதத் தொடங்கியதால் மற்றதையும் எழுதுகிறேன். ஓட்டத்தோடு சம்பந்தம் உண்டு.

1993 இல் எனக்கு வருத்தம் வந்தபோது வயது பதின்மூன்று. குத்திப் பார்க்கும் கருவி வீட்டில் இல்லை. சலத்தில் சில துளிகளைப் பெனடிக்ற் கரைசலில் விட்டு, மண்ணெண்ணெய் விளக்கில் சூடாக்க வேண்டும். நீலம் நின்றால் சீனி இல்லை. பச்சை, மஞ்சள், செம்மஞ்சள் என்று போய்ச் செங்கல் நிறம் வந்தால் அம்மாவின் முகமும் அந்த நிறமாகும். அந்தப் பரிசோதனை ஏறியதை மட்டும் சொல்லும். இறங்கியதைச் சொல்லாது, நீலம் என்பது 150 ஆகவும் இருக்கலாம், 40 ஆகவும் இருக்கலாம்.

1995 ஒக்டோபர் 30 இரவு, போருக்குப் பயந்து, வலிகாமமே எழும்பி நடந்தது. நாங்கள் கோண்டாவில். சாவகச்சேரிக்கு இன்று பஸ்ஸில் முக்கால் மணித்தியாலம் இருக்கும். அன்று மழையில், சனத்துக்குள், நாவற்குழிப் பாலத்தை நோக்கி அடி அடியாக நகர்ந்து, மறுநாள் மத்தியானம்தான் போய்ச் சேர்ந்தோம். அம்மாவின் கையில் தேநீர் பிளாஸ்க். அதற்குள் ஈரத்துணி சுற்றி இன்சுலின் போத்தல். மடியில் குட்டான் பனங்கட்டி.

புறப்படுவதற்கு முன் இரவு ஊசி போட வேண்டிய நேரம். அம்மா பாதிதான் போட்டார். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, கேட்பதற்கு ஆளும் இல்லை. “நடக்கப் போகிறாய்” என்றார், அவ்வளவுதான். சனம் நிற்கிற ஒவ்வொரு இடத்திலும் ஒரு துண்டு பனங்கட்டி வாய்க்குள் வந்தது. நான் சினந்து பேசினால் உடனே இன்னொரு துண்டு. நான் சீனி இறங்கினால் சினப்பேன் என்பது அவருடைய கருவி. அன்று அந்தக் கருவி எத்தனை முறை பிழையாகக் காட்டியது என்று தெரியாது. பதினைந்து வயதுப் பையனுக்கு அந்த இரவில் சினக்க வேறு காரணங்களும் இருந்தன. நான் விழவில்லை.

நீண்ட நேரம் உடம்பை வருத்தப் போகிறாய் என்றால் முன்கூட்டியே இன்சுலினைக் குறை, வழியில் சிறிது சிறிதாக மாச்சத்து எடு. 2017 வழிகாட்டலின் சாரம் அதுதான். அதைக் கைபேசியில் படித்த அன்று அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடி போடாமல் தெரியவில்லை என்றார்.

பெப்ரவரி 18 இல் பனங்கட்டி லாயக்கில்லை என்று தீர்ப்புச் சொன்னேன். ஓட்டத்துக்கு என்று திருத்தி வாசிக்கவும். நடைக்கு அது போதுமாக இருந்தது.

மார்ச் 24

தம்பியின் வீட்டில் இன்னும் எதிர்ப்பு. “வருத்தக்காரப் பிள்ளைக்கு எதற்கு இந்த வேலை?”

பாகிஸ்தான் பந்துவீச்சாளர் வசிம் அக்ரமைச் சொல். அவருக்கு 1997 இல், முப்பது வயதில், இதே வருத்தம் கண்டுபிடிக்கப்பட்டது. அதற்குப் பிறகும் 2003 உலகக் கிண்ணம்வரை பந்து வீசினார். அப்பாவுக்கு விளங்கும்.

அம்மாவுக்கு இதைச் சொல்: 1924 இல் பொஸ்ரன் மரதனில் ஓடி முடித்தவர்களின் குருதியை வைத்தியர்கள் சோதித்தார்கள். அவர்கள் எல்லோரும் வருத்தமில்லாதவர்கள். பலருக்குச் சீனி நன்றாக விழுந்திருந்தது. விழுந்தவர்கள்தான் மயங்கும் நிலையில் வெளிறி நின்றார்கள். அடுத்த வருடம் ஓடும்போதே இனிப்புச் சாப்பிட வைத்தார்கள், நிலைமை மாறியது. சீனி இறங்குவது ஓட்டத்தின் குணம். நமக்கு அது கெதியாகவும் ஆழமாகவும் வருகிறது. 1926 இலேயே ஆர். டி. லோரன்ஸ் என்ற ஸ்கொட்லாந்து வைத்தியர், தானே இன்சுலின் போட்டு உயிர் தப்பியவர், உடற்பயிற்சி இன்சுலினின் வேலையைக் கூட்டுகிறது என்று எழுதிவிட்டார். நூறு வருடப் பழைய செய்தி இது.

ஒரு விஷயத்தில் வீட்டார் பக்கம் நிற்கிறேன். தனியாக, கைபேசி இல்லாமல், சொல்லாமல் ஓடுவது மடைத்தனம். சீனி இறங்கியவன் தள்ளாடுவான், குழறுவான். பார்ப்பவர்கள் வெறியில் நிற்கிறான் என்று விலகிப் போவார்கள். எனக்கு நடந்திருக்கிறது, ஒரு சந்தியில் என்னைச் சைக்கிளோடு ஓரமாகச் சாய்த்துவைத்து, “வெறி முறிந்த பிறகு போகட்டும்” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கழுத்தில் ஒரு அட்டை தொங்கவிடு: நீரிழிவு, இன்சுலின், மயங்கினால் வைத்தியசாலை. மயங்கியவனின் வாய்க்குள் எதையும் ஊற்றக்கூடாது என்பதையும் மூன்று மொழியில் எழுது.

மே 12

சோளகக் காற்று தொடங்கிவிட்டது. நேற்று வல்லை வெளியில் என் கொப்பி முழுவதையும் காற்று கிழித்துப் போட்டது.

அதே தூரம், அதே வேகம், அதே தொடக்கம் என்று நினைத்தேன். வெளியில் ஏறியதும் எதிர்க்காற்று. வேகத்தை விடக்கூடாது என்று பிடிவாதமாக ஓடினேன். வழமையாக 30 இறங்கும் இடத்தில் 70 இறங்கியது. மற்றவர்களுக்கு எழுதுகிறேன், எனக்கு எழுதவில்லை போலும். உடம்புக்குக் கிலோமீற்றர் தெரியாது, செய்த வேலைதான் தெரியும். இனிமேல் காற்று நாளில் வேகத்தைப் பார்க்காமல் மூச்சைப் பார்த்து ஓடுவேன்: ஒரு வசனம் முழுதாகக் கதைக்க முடிந்தால் சரி.

தம்பி 21 க்கு வல்லை வழியாகப் போகிற திட்டத்தை மாற்று. அச்சுவேலியில் பிரிந்து தொண்டைமானாற்றுக்குப் போவோம். செல்வச்சந்நிதியில் முடிப்போம்.

மே 26

முடிந்தது. விவரம்.

கோப்பாயில் 4.45 க்குத் தொடக்கம். அவன் ஓட்டம், நான் சைக்கிள். தூரம் குறைந்ததால் முதல் நான்கு கிலோமீற்றரை ஊர் ஒழுங்கைகளில் சுற்றி நிரப்பினோம். அவனுடைய அம்மா படலையில் ரோர்ச் விளக்கோடு நின்றார். நாங்கள் சுற்றிவந்து அதே படலையைக் கடந்தபோது, முடிந்துவிட்டது என்று நினைத்து மகிழ்ந்துவிட்டார். பாவம்.

நீண்ட ஓட்டம் என்பதால் காலை ஊசியை முழுக்கப் பிற்போடாமல் ஒரு சிறு பங்கை முன்னரே போடச் சொல்லியிருந்தார் அவனுடைய வைத்தியர். அந்த அளவை இங்கே எழுதச் சொல்லிக் கேட்காதீர்கள். அது அவனுடைய உடம்புக்கு வெட்டிய சட்டை.

தொடக்கம் 142. ஐந்தில், ஒழுங்கைகள் முடிந்து பெருவீதிக்கு ஏறியபோது, 138. பத்தில், சிறுப்பிட்டி தாண்டி, 104, சென்சரில் கீழ்நோக்கிய அம்புக்குறி. (சென்சர் நான் கொடுத்தது. அக்காவுக்குச் சொல்லவில்லை.) அதுவரை இருபது நிமிடத்துக்கு ஒரு மிடறு குடித்தவன், அங்கே இரண்டு மிடறு. பதினைந்தில் விரலில் குத்தினோம்: 96, அம்பு நேர். அச்சுவேலியில் ஒரு பாண்காரரின் வண்டி எங்களோடு கொஞ்சத் தூரம் பாட்டுப் போட்டுக்கொண்டு வந்தது. பதினெட்டில் அவன் கதைப்பதை நிறுத்தினான். இறங்கிவிட்டதோ என்று பதறிக் குத்தினால் 112. வெறும் களைப்பு. எங்களைப் போன்றவர்களுக்கு வெறும் களைப்பு என்பது எவ்வளவு பெரிய சொத்து என்று மற்றவர்களுக்கு விளங்காது.

கடைசி முந்நூறு மீற்றர் பாய்ந்தான். நான் சொல்லிக் கொடுத்ததாலா, கோயில் மணி கேட்டதாலா தெரியாது. முடிவு 151. இரண்டு மணித்தியாலம் 34 நிமிடம். வழியில் எடுத்தது மொத்தம் 70 கிராம்.

ஆற்றில் முகம் கழுவிவிட்டு இருந்தபோது 151 என்பது 208 ஆகிவிட்டது. அவன் உடனே ஊசியை எடுத்தான். பொறு என்றேன். பாய்ச்சலின் ஏற்றம் தானாக அடங்கும். அதைத் துரத்தி முழு ஊசி போட்டால் மத்தியானம் நிலத்தில் கிடப்பாய். கீற்றோன் பார்த்தோம், இல்லை. அரை மணித்தியாலத்தில் 176. அதற்குப் பிறகு குறைத்த அளவில் ஊசியும் சாப்பாடும். அன்னதானக் கந்தனிடம் வந்துவிட்டு மாச்சத்தைக் கணக்கிடுவது முடிகிற காரியமில்லை. பரிமாறியவர் கரண்டியை நிறுத்தவே இல்லை.

மே 27

இரவு இரண்டு மணி அலாரம்: 88. பாலும் இரண்டு பிஸ்கட்டும். விடிய 121. அலாரத்துக்கு முன்னரே அம்மா எழும்பி அறை வாசலில் நின்றாராம்.

யூன் 2

ஜனவரி 7 ஐத் திரும்ப வாசித்தேன். “கேள்வியே பிழை” என்று எடுத்தவுடன் எறிந்திருக்கிறேன். ஐந்து கிலோமீற்றருக்கு அது சரி. அங்கே இன்சுலின் நேரத்தை மாற்றியதே போதுமாக இருந்தது. 21 க்கு 70 கிராம் தேவைப்பட்டது. ஆகவே அவன் கேட்டது பாதி சரி. ஓடுவதற்கு முன் எவ்வளவு என்று கேட்டான். ஓடும்போது எவ்வளவு என்று கேட்டிருக்க வேண்டும். இந்தப் பாதியை ஒப்புக்கொள்ள எனக்கு ஐந்து மாதம் பிடித்தது.

தம்பி, உன் குளுக்கோஸ் போத்தல் என் சைக்கிள் கூடையில் கிடக்கிறது. எறும்பு மொய்க்கிறது. வந்து எடுத்துக்கொண்டு போ.